பர்மா குறித்த தேதிகள்

செட்டிநாட்டில் பர்மாவைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தால் அது தேக்கில்தான் போய் நிற்கும். வீடு பார்க்க வந்தவர்களிடம் பட்டாலைத் (முன் கூடத்துத்) தூணைத் தட்டிக் காட்டி "பர்மாத் தேக்கு" என்போம். அப்புறம் கவுனி என்கிற கறுப்பரிசி, மங்குச் (பீங்கான்) சாமான். கடைசியில் பெரியவர் யாராவது "எல்லாம் போச்சு" என்று முடிப்பார். எப்படிப் போனது என்று கேட்டால் ஜப்பான்காரன் குண்டு, ராணுவ ஆட்சி கொண்டுவந்த நே வின் என்று இரண்டு பேர் மேல் பழி விழும். அதோடு சரி.

ஆனால் குண்டும் ராணுவமும் மட்டும் காரணமில்லை. ஒரு நாடு, வெளியிலிருந்து வருகிறவர்களை எப்படி நடத்துவது என்பதில் தன் முடிவை ஐம்பது வருஷத்தில் படிப்படியாக மாற்றிக்கொண்ட கதை இது. ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு தேதி. அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் நின்றவன் ஊர்க்காரன், அந்தப் பக்கம் நின்றவன் அந்நியன். நம் வீடுகளில் சொத்துக் கணக்கு பேசப்படுகிற அளவுக்கு இந்தத் தேதிக் கணக்கு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் தேதியே இல்லாத ஒரு காலம் இருந்தது. 1852-ல் கீழ் பர்மாவையும் 1885-ல் மேல் பர்மாவையும் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து, இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆக்கிக்கொண்டார்கள். அதனால் மதராஸிலிருந்து ரங்கூன் போவது கல்கத்தா போகிற மாதிரிதான். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. கப்பல் டிக்கெட் இருந்தால் போதும். ஐராவதி டெல்டாவின் காட்டை அழித்து நெல் போட ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். ஆள் தெலுங்கு நாட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனது. பணம் நம்மூரிலிருந்து போனது. 1876-ல் வந்த நிலச் சட்டம் பர்மிய விவசாயிக்கு நிலத்தின் மேல் உரிமை கொடுத்தது. உரிமை வந்ததும் அதை அடகு வைக்கவும் முடிந்தது. அந்த இடத்தில்தான் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நம்மவர்களின் லேவாதேவி கால் ஊன்றியது. பத்து லட்சம் ஏக்கர் அளவில் இருந்த கீழ் பர்மா நெல் சாகுபடி, எண்பது வருஷத்தில் தொண்ணூறு லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன, அவற்றில் புழங்கிய முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. ரங்கூனில் மொகல் தெரு முழுக்க நம் விலாசங்கள்தான் (கடைப் பெயர்கள்). 1931 சென்சஸில் பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தன் நாட்டுத் தலைநகரில் தானே சிறுபான்மை என்றால் ஒரு பர்மியனுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை நான் வளர்ந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் குடியேறப் போகவில்லை, 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள். மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு பெட்டியடிப் பையனாகவும் அடுத்தாளாகவும் (உதவியாள்) மேலாளாகவும் (கடையை நடத்தும் ஏஜெண்டு) போய், கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கம். பெண்டு பிள்ளைகள் இங்கே. கல்யாணம், சாந்தி, கோயில் எல்லாம் இங்கே. அங்கே கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி. என் ஐயா (தாத்தா) பர்மாவின் பெகு ஊரில் மேலாளாக இருந்தவர். அப்பத்தா ஒரு தடவைகூடக் கப்பல் ஏறியதில்லை. இந்தச் சுழற்சிதான் நம் தொழிலின் பலம். பின்னால் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம்மவர்களை அந்நியர்களாகவே நிறுத்திவைத்ததும் இதேதான்.

கதவு சாத்தும் பேச்சு 1930-ல் தொடங்கியது. அந்த வருஷம் மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை இறக்கினார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களைப் போகச் சொன்னார்கள். அதில் மூண்ட கலவரத்தில் நிறைய இந்தியர்கள் செத்தார்கள். அதே சமயத்தில் உலகப் பெருமந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டக்கூட விளைச்சல் போதவில்லை. ரொக்கம் கொடுக்க முடியாத விவசாயி நிலத்தைக் கொடுத்தான். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவிகிதம். 1938-ல் அது 25 சதவிகிதம்.

"நாங்க நிலத்துக்கு ஆசைப்படலை, பணம்தான் கேட்டோம், அவன் நிலத்தைத் தள்ளிவிட்டான்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான். வட்டிக்கடைக்காரனுக்குச் சேற்று நிலம் சுமை. ஆனால் நிலத்தை இழந்தவன் கண்ணில் அந்த நியாயம் எப்படித் தெரியும்? நாலு வயலில் ஒரு வயல் கடல் கடந்து வந்தவன் கையில் என்பதுதான் அவனுக்குத் தெரியும். அவனுடைய கோபத்துக்கு அடிப்படை இருந்தது. நம் மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

1937 ஏப்ரல் 1-ம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. முதல் நாள் ராத்திரி வரை உள்நாட்டுப் பயணியாக இருந்தவன் மறுநாள் வெளிநாட்டான். சட்டென்று எதுவும் மாறிவிடாமல் ஓர் இடைக்கால ஏற்பாடு இருந்தது உண்மை. ஆனால் 1938-ல் இன்னொரு பெரிய கலவரம். அதற்குப் பிறகு இந்தியர் வரவைப் பற்றி விசாரிக்க ஜேம்ஸ் பாக்ஸ்டர் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. அவர் அறிக்கையில் சொன்னவற்றில் ஒன்று: இந்தியத் தொழிலாளிகள் வந்ததால்தான் பர்மியர்கள் வேலை இழந்தார்கள் என்று பொதுவாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் வரத்துக்கு ஒரு வரைமுறை வேண்டும் என்பதுதான் முடிவாக வந்தது.

அதையொட்டி 1941-ல் இந்தியா-பர்மா குடிவரவு ஒப்பந்தம். எத்தனை வருஷம் இருந்திருக்கிறாய் என்று பார்த்து ஆட்களைத் தரம் பிரிப்பது, புதிதாக வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு என்று அதன் சாரம். பர்மா இந்தியர்களிடம் கலக்காமலே இந்திய அரசு கையெழுத்துப் போட்டுவிட்டது என்று பெரிய எதிர்ப்பு. காந்தியும் கண்டித்தார். அமலாகும் முன்பே போர் வந்துவிட்டது. அந்தத் தாள் அப்படியே கிடந்தாலும், அதிலிருந்த எண்ணம் பின்னால் வந்த ஒவ்வொரு சட்டத்திலும் எழுந்து வந்தது.

1941 டிசம்பர் 23, ரங்கூனில் முதல் குண்டு. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள்: அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங் பக்கம், தாமு வழியாக இம்பால் பக்கம், ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லெடோ பக்கம். நாலு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையர்களுக்கு ஒரு பாதை, நம்மவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டதாக அன்றைக்குக் காங்கிரஸ் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். எங்கள் ஊரில் நடந்து வந்தவர்கள் யாரும் அதைக் கதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நடந்து வந்தோம்" என்பார்கள். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி, போர் முடிந்தது. திரும்பிப் போகலாம் என்று மூட்டை கட்டினார்கள். போன இடத்தில் வாசலில் புது ஆள் நின்றான். 1947 குடிவரவுச் சட்டப்படி அனுமதிச் சீட்டோ விசாவோ இல்லாமல் உள்ளே வர முடியாது. 1942-ல் உயிர் தப்பி ஓடி வந்தவன், அகதியாகப் போனவன், தன் கடைக்கும் வீட்டுக்கும் திரும்புவதற்குக் 'குடிவரவு' அனுமதி கேட்டு நின்றான். இந்த ஒரு சட்டத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதன் அரசமைப்புச் சட்டம் அப்படியொன்றும் கதவை அறைந்து சாத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர், 1942 ஜனவரி 1-க்கு முந்தைய பத்து வருஷத்திலோ சுதந்திரத்துக்கு முந்தைய பத்து வருஷத்திலோ எட்டு வருஷம் பர்மாவில் இருந்திருந்தால், நிரந்தரமாக அங்கேயே வாழும் எண்ணமும் இருந்தால், குடியுரிமை கேட்டு எழுதித் தரலாம். நியாயமான ஏற்பாடு. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பிய ஏஜெண்டு எட்டு வருஷத்தை எப்படிக் காட்டுவான்? வளவும் (குடும்ப வீடும்) மனைவியும் காரைக்குடியில் இருக்க, நிரந்தர எண்ணம் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவான்? நகரத்தாரில் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. அதே வருஷம் நில தேசியமயச் சட்டம் வந்தது. சேற்றில் இறங்காதவனுக்கு நிலம் கிடையாது என்பது அதன் அடிப்படை. டெல்டாவில் நம்மவர்கள் பேரில் இருந்த நிலம் அதிலிருந்து கைவிட்டுப் போகத் தொடங்கியது.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஐயாவின் பர்மாப் பத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலமும் பர்மிய எழுத்துமாக, நில வரைபடம் ஒட்டியவை. அவற்றோடு ஒரு சின்னப் புத்தகமும் இருக்கிறது. அந்நியர் பதிவுச் சான்று. முதல் பக்கத்தில் அவர் போட்டோ, பக்கத்தில் பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் கூடிப்போய் ரேகை குழம்பியிருக்கிறது. உள்ளே வருஷா வருஷம் கட்டணம் கட்டிப் புதுப்பித்த முத்திரைகள். ஐந்தொகையை (வரவு செலவு இருப்புக் கணக்கை) கண் மூடிக்கொண்டு போடக்கூடிய மனிதர், முத்து முத்தாகப் பேரேடு எழுதியவர், அங்கே கைநாட்டு வைத்திருக்கிறார். கையெழுத்து போதாது, ரேகையும் வேண்டும் என்பது விதி. நிலப் பத்திரங்களைக் காட்டும்போது என் அப்பச்சி (அப்பா) ஏக்கர் கணக்கு சொல்வார். இந்தப் புத்தகத்தைக் காட்ட மாட்டார். அவர் காலத்துக்குப் பிறகுதான் நான் அதைப் புரட்டிப் பார்த்தேன்.

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை. மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது. அந்த ஒரு வருஷத்தில் இந்தியர்களின் தொழிலே இல்லாமல் போனது. அதற்குள் நகரத்தாரில் பலர் கணக்கை முடித்து ஊர் சேர்ந்திருந்தார்கள். 1964-க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்தவர்கள் வேறு ஆட்கள். துணி விற்றவர், சலூன் வைத்தவர், ஆலைத் தொழிலாளி, பால்காரர். அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் கட்டிக் குடும்பமாக இருந்தவர்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் பர்மாவை விட்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம். இவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கூட்டுறவு வங்கி தொடங்கியது, கடன் கொடுத்தது, காலனி கட்டியது. சென்னை பர்மா பஜார் அப்படி வந்ததுதான். ஊருக்கு ஊர் பர்மா காலனி முளைத்தது. காரைக்குடியிலும் இருக்கிறது.

அந்தக் காலனியில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். மோல்மேனில் பிறந்து, பத்து வயசுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். "எங்கப்பா அங்க லுங்கிக் கடை வச்சிருந்தாரு தம்பி. இங்க வந்து மண்டியில மூட்டை தூக்கினாரு. வந்த புதுசுல தமிழ் எழுதத் தெரியாது எனக்கு. பள்ளிக்கூடத்துல ரெண்டு வகுப்பு கீழ போட்டாங்க" என்றார். அவருடைய சித்தப்பாவுக்கு இங்கே பிழைப்பு ஒத்துவரவில்லை. பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று ரயில் ஏறி அஸ்ஸாம் போய், மணிப்பூர் எல்லை வரை போயிருக்கிறார். பர்மா ராணுவம் விடவில்லை. எல்லையில் இந்தப் பக்கம் மோரே என்கிற ஊரிலேயே தங்கிவிட்டார். அப்படித் தடுக்கப்பட்டு நின்றவர்கள் சேர்ந்துதான் மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் கட்டினார்கள். "தாயகம் திரும்பினோம்னு எழுதிக் குடுத்தாங்க. எங்க சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம்தான் தாயகம். அதுக்கு யாரு சீட்டு குடுப்பா?" என்று கேட்டார் அக்கா.

நாம் இழந்தது பணம். பெரிய பணம்தான், மறுக்கவில்லை. பல வளவுகள் அதனால் பாழடைந்தன, கதவும் தூணும் கழற்றி விற்கப்பட்டன. ஆனால் திரும்பி வர வீடு இருந்தது, நகரத்தாரின் ஒன்பது கோயிலில் ஒரு கோயிலில் புள்ளி (குடும்பப் பதிவு) இருந்தது. அக்காவின் அப்பா மாதிரி ஆட்கள் இழந்தது ஊரை. நாம் சேர்த்த நிலத்துக்காக எழுந்த கோபம், ஒரு காணி நிலமும் இல்லாத அவர்கள் தலையிலும் விழுந்தது. சட்டம் எழுதியவர்கள் வட்டிக்கடையையும் லுங்கிக் கடையையும் வேறு வேறாகப் பார்க்கவில்லை. பர்மாவின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிற என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

அத்தோடும் நிற்கவில்லை. 1982-ல் இன்னொரு குடியுரிமைச் சட்டம். இந்தத் தடவை தேதி 1823-க்குப் போய்விட்டது. ஆங்கிலேயருடன் முதல் போர் தொடங்கியதற்கு முந்தைய வருஷம். அதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனத்தார்தான் முழுக் குடிமக்கள். 1948 சட்டப்படி மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் இணைக் குடிமக்கள். 1948-க்கு முன்பே வந்ததை ஆதாரத்தோடு காட்டுகிறவர்கள் குடியுரிமை வழங்கப்பட்டவர்கள். குடிமக்களிலேயே மூன்று தட்டு. இன்றைக்கும் மியான்மரில் வாழும் தமிழர்களில் பலர் கீழ்த் தட்டுகளில் நிற்கிறார்கள். ரோஹிங்கியா மக்களை அந்தச் சட்டம் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு அவர்களில் ஏழு லட்சத்துக்கும் மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். நாடில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று அவர்களைப் பார்த்துத்தான் உலகம் தெரிந்துகொண்டது. அந்தச் சட்டம் முளைத்த மண்ணில் நம்முடைய பத்திரங்களும் கிடந்தன. இதைச் சொல்லாமல் தேக்குத் தூணைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனசு வரவில்லை.

பர்மா மேல் இவ்வளவு குறை சொல்லும்போது நம் நாடு போட்ட தேதிகளையும் பார்க்கத்தான் வேண்டும். அகதிகளுக்கான 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. வெகுகாலம் 1946-ம் வருஷத்து அந்நியர் சட்டம்தான் எல்லோருக்கும். ஆனால் 1955 குடியுரிமைச் சட்டம் தாராளமானது. இந்தியாவில் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன், அவ்வளவுதான். அதை 1986-ல் திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தோணியேறி வந்த தமிழர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கெடுபிடி கூடி, திருப்பி அனுப்பும் வேலையும் நடந்தது. இன்னும் 58,000 பேர் அளவில் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. இவர்களில் ஒரு பகுதி மலையகத் தமிழர்கள், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வாரிசுகள். 1948-ல் இலங்கை குடியுரிமையைப் பறித்தது அவர்களுடைய பாட்டன்மாரிடம்தான். 1964 அக்டோபர் 30-ல், அக்காவின் குடும்பம் வந்த அதே வருஷத்தில், இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அவர்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதி என்று பிரித்தார்கள். யாரையும் கேட்கவில்லை.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி விட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மியான்மரும் இல்லை. 2025-ல் வந்த ஓர் உத்தரவு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழர்களை ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. ஜெயில் பயம் போயிற்று, நல்லதுதான். குடியுரிமை அதில் இல்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சி முகாமிலிருந்து ஒரு பெண் ஓட்டுப் போட்டார். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் பிறப்பாலேயே இந்தியர் என்று நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, அதை வைத்து வாக்காளர் அட்டையும் வாங்கினார். அதே முகாமில் அவருக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவருக்கு இந்த வழி கிடையாது. ஒரே மண், ஒரே ரேஷன், ஒரே பள்ளிக்கூடம். பெற்றோரும் அகதிகள் என்றால், தேதியைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல முடியுமா?

2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகளும் கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. வரவேற்கிறேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. ஐயாவிடம் எட்டு வருஷக் கணக்குக் கேட்டார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு இருக்கிறது, இந்தியாவை விட்டு ஒரு நாள் வெளியே போகாத கணக்கு. அந்தக் கணக்கை எழுதிக் காட்ட அவர்களுக்கு ஒரு மனுப் படிவமாவது சட்டத்தில் வேண்டும். 1987 ஜூலைக்குப் பிறகு இந்த முகாம்களில் பிறந்தவர்களுக்கு விண்ணப்பிக்கும் உரிமை கொடுங்கள் என்று நம் தொகுதி எம்.பி.யிடம் ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். நகரத்தார் சங்கங்களில் இருப்பவர்கள், பர்மா காலனிக்காரர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். பர்மாவிலிருந்து கொண்டுவந்த அந்நியர் பதிவுப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் அதன் நகலையும் கொண்டு வாருங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.